பூஞ்சை என்று வந்த படம்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஜாகீர் அம்மாபாளையத்திலிருந்து ஆட்டோவில் வந்தது இந்தப் படம். பழைய பெட்ஷீட்டில் சுற்றி, குறுக்கும் நெடுக்குமாகச் சணல் கட்டியிருந்தார்கள். கொண்டுவந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். கட்டைப் பிரித்து மேசைமேல் கிடத்தியதும் சொன்னார்: "சார், ஆம்பளையை ஏற்கெனவே சுத்தம் பண்ணியாச்சுங்க. பொம்பளைதான் பூஞ்சை பிடிச்சுக் கிடக்குது. அதையும் எடுத்துக் குடுத்துட்டீங்கன்னா ஹால்ல மாட்டிடலாம்."

சேலத்தில் நான் படம் பழுதுபார்க்கும் தொழில் செய்கிறேன். வருவதில் முக்கால்வாசி தஞ்சாவூர்ப் படங்கள். அப்புறம் குடும்பப் போட்டோக்கள், ரவிவர்மா அச்சுப் படங்கள். எண்ணெய் வண்ண ஓவியம் வருடத்துக்கு இரண்டு மூன்று வந்தால் அதிகம். அதிலும் சாமியோ ஜமீன்தார் மீசையோ இல்லாமல், கூலி வேலைக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று என் மேசைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் கொஞ்சம் அவசரப்பட்டேன். அந்த அவசரமும் இந்த ஆய்வில் சேர்த்தி.

படம்

அகலம் 3 அடி, உயரம் இரண்டரை அடி. துணி, கடையில் விற்கும் கேன்வாஸ் கிடையாது, காடாத் துணி. ஊடை நூல் பாவு நூலைவிடத் தடிமனாக, அங்கங்கே முடிச்சோடு இருந்தது. அடித்திருந்த சட்டம் பேக்கிங் பெட்டிப் பலகை. ஆணிகள் துருவேறி, துணியின் ஓரமெல்லாம் செம்மண் நிறத்தில் வட்டங்கள். கையெழுத்து இல்லை, தேதி இல்லை. பின்பக்கம் பென்சிலில் 'மேல்' என்று ஒரு சொல், அதற்கு ஓர் அம்புக்குறி. அவ்வளவுதான்.

படத்தில் இரண்டு பேர். இடது பக்கம் ஒரு பெண், தரையில், ஒரு காலை மடித்து மற்றதை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். வலது பக்கம் ஓர் ஆண், பாறைத் துண்டு ஒன்றின்மேல், முழங்கைகளைத் தொடையில் ஊன்றியபடி. நடுவில் ஒரு தூக்குப்போசி. பின்னால் வெட்டிய குழியின் சரிவு, அதற்கும் மேலே சாம்பல் நீலத்தில் சேர்வராயன் மலையின் விளிம்பு. பெண் தன் இடது கையில் இருக்கும் ஏதோ வெள்ளை உருண்டையைப் பார்க்கிறாள். ஆண் எதையும் பார்க்கவில்லை.

படத்தின் பூர்வீகம் வாய்வழிச் செய்திதான். படத்தைக் கொண்டுவந்தவருடைய அப்பா, மேக்னசைட் என்கிற கனிமம் எடுக்கும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1970-களில் படம் வரைகிற பையன் ஒருவர் சில மாதம் இவர்கள் வீட்டுத் திண்ணையில் தங்கியிருந்தாராம். போகும்போது சாப்பாட்டுக் கடனுக்கு ஈடாக இதை விட்டுவிட்டுப் போனாராம். பெயர் யாருக்கும் நினைவில்லை, 'மெட்ராஸ் பையன்' என்பதோடு சரி. அப்பா காலமான பிறகு படம் ஏற்காட்டில் உறவினர் வீட்டில் பதினைந்து வருடம் இருந்தது. போன வருடம் கீழே இறங்கி, நேராக ஒரு ஃபிரேம் கடைக்குப் போனது. அங்கே சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஆணைத் துடைத்திருக்கிறார்கள். கரண்ட் போனதோ, வேறு கிராக்கி வந்ததோ, பெண்ணிடம் வருவதற்குள் நின்றுவிட்டது.

ஆகவே என் முன்னால் கிடந்தது இப்படி: வலது பக்கம் கறுத்து மினுங்கும் ஒரு மனிதன். இடது பக்கம் தலைமுடி, நெற்றி, தோள், பாதம் எல்லாம் வெளுத்துப்போன ஒரு பெண். தனித்தனியாக வரைந்த இரண்டு படங்களை ஒட்டுப்போட்டது மாதிரி இருந்தது.

என் முதல் குறிப்பு

எந்தப் படத்தையும் தொடுவதற்கு முன் நோட்டில் ஒரு நிலைக்குறிப்பு எழுதுவேன். இதற்கு எழுதியதை அப்படியே தருகிறேன்: 'இரண்டு தொழிலாளர்கள், தம்பதி. மதிய உணவு இடைவேளை, ஓய்வு. பெண்ணின் கையில் சோற்றுருண்டை. பெண்ணுருவம் முழுதும் வெண்பூஞ்சை.'

'இரண்டு தொழிலாளர்கள்' என்பதைத் தவிர இதில் ஒரு வார்த்தையும் பின்னால் தேறவில்லை.

பூஞ்சை என்று நான் நம்பியதற்கு ஏற்காடு காரணம். 1,500 மீட்டர் உயரம், வருடத்தில் பாதி நாள் வீட்டுக்குள்ளேயே மூடுபனி. மழைக்காலத்தில் ஷூவை அலமாரியில் வைத்து மறந்தால் பச்சை பூத்துவிடும். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை முளைக்கும். பருத்தித் துணியும் அதற்குப் பூசியிருக்கும் பசையும் அதற்குச் சாப்பாடு. மலை எஸ்டேட் பங்களாக்களிலிருந்து வந்த படங்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கதையும் பொருந்தியது, நிறமும் பொருந்தியது. அப்புறம் எதற்கு யோசனை?

முதலில் பின்பக்கத் துணியை முகர்ந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. உருப்பெருக்கியில் நூலிழை தெரிகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை. பஞ்சைக் குச்சியில் சுற்றி, எச்சிலில் நனைத்து (கேட்க அருவருப்பாக இருக்கும்; ஆனால் எச்சிலில் உள்ள நொதிகள் அழுக்கை மெதுவாக விடுவிக்கும், அருங்காட்சியகங்களிலேயே இப்படிச் செய்வது உண்டு) பெண்ணின் இடது கணுக்காலில் ஓர் ஓரத்தில் உருட்டினேன். வெள்ளை அப்படியே பஞ்சோடு வந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று நினைத்தபோதே விரலில் நறநறவென்று ஏதோ பட்டது.

பூஞ்சை நறநறக்காது.

கையை எடுத்துவிட்டேன். அதற்குள் ஒரு செ.மீ. போய்விட்டது.

பூஞ்சைக்கு ஓவியம் தெரியாது

பஞ்சைக் கண்ணாடிச் சில்லில் தட்டி உருப்பெருக்கியில் வைத்தேன். நூலிழை ஒன்றுகூட இல்லை. உடைந்த பீங்கான் போல கூர்முனையுள்ள துகள்கள், ஒன்றுக்கொன்று அளவு வேறு. அதற்குப் பிறகுதான் படத்தை உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். அன்று சாயங்காலம் முழுக்க வேறு வேலை பார்க்கவில்லை.

வெள்ளை எங்கே இருக்கிறது என்பதைவிட எங்கே இல்லை என்பதுதான் விஷயமாக இருந்தது. பெண்ணின் தலையில் கட்டியிருக்கும் துணிக்கு மேலே வெள்ளை. துணியின் விளிம்பு நெற்றியைத் தொடும் இடத்தில் ஒரு நூலகலத்துக்குத் தோலின் நிறம். இரண்டு கண்ணுக்கும் கீழே பிறை வடிவில் சுத்தமான இடம், முந்தானையால் ஒற்றிக்கொண்டதுபோல. கழுத்தில் மூன்று கோடுகள், வியர்வை வழிந்த தடம். புறங்கை வெளுப்பு, உள்ளங்கை கறுப்பு. அவளுக்குப் பின்னால் இருக்கும் குழிச் சரிவில் இந்த வெள்ளை ஒரு பொட்டுகூடப் பரவவில்லை. பூஞ்சை இப்படி உருவத்தின் கோட்டுக்குள் அடங்கி நிற்காது. அதற்கு ஓவியம் தெரியாது.

இது வரைந்தவர் வைத்த தூசி.

அடுத்து, விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் படத்தின் ஓரத்தில் கிடைமட்டமாகப் பிடித்து, துடைக்கப்பட்ட ஆணைப் பார்த்தேன். சாய்வெளிச்சத்தில் தூரிகைத் தடங்கள் உழுத வயல் மாதிரி எழுந்து நிற்கும். மார்பிலும் தோளிலும் அந்தச் சால்களின் அடியில் வெள்ளைத் துகள்கள் இன்னும் ஒளிந்துகொண்டிருந்தன. துணி எட்டாத இடம். கழுத்தில் இன்னும் நல்ல சாட்சி கிடைத்தது. பெண்ணின் வியர்வைக் கோடுகளைத் தூரிகையின் கட்டைப் பக்கத்தால் ஈர வண்ணத்தில் கீறி இழுத்திருக்கிறார். அதே மாதிரி மூன்று கீறல் ஆணின் கழுத்திலும் இருந்தது. சுற்றிலும் தூசி இல்லாததால் அந்தக் கீறலுக்கு இப்போது அர்த்தமில்லை. அதாவது அவரும் அவளைப் போலவே வெளுத்துப்போய்த்தான் உட்கார்ந்திருந்தார். சோப்புத் தண்ணீர் அதைக் கொண்டுபோய்விட்டது.

கள்ளநோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச்சிலும் பார்த்தேன். டம்மர் போன்ற பிசின் வார்னிஷ் பூசியிருந்தால் பச்சையாக மங்கலாக ஒளிரும். இதில் அந்தப் பச்சை எங்குமே இல்லை. வார்னிஷ் பூசாத படம். வேண்டுமென்றே பூசவில்லை என்று இப்போது நினைக்கிறேன்; காரணம் புட்டி.

புட்டி

சன்னலில் கண்ணாடி பதிக்க ஆசாரிகள் வைப்பார்களே, அந்தப் புட்டி. சுண்ணாம்புத் தூளும் ஆளி விதை எண்ணெயும்தான் அது. தூள் பால் போல வெள்ளை. எண்ணெய் விட்டுப் பிசைந்ததும் வெள்ளை போய், அழுக்கு மஞ்சளாக, பாதி ஊடுருவித் தெரிகிற களிம்பாக ஆகிவிடும். ஒளியை வளைக்கும் திறனில் எண்ணெயும் சுண்ணாம்பும் கிட்டத்தட்ட ஒன்று, எண்ணெய்க்கு 1.48, சுண்ணாம்புக்கும் மேக்னசைட்டுக்கும் அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஆகவே வெளிச்சம் துகளில் பட்டுத் திரும்பாமல் உள்ளே போய்விடும். டைட்டானியம் வெள்ளைக்கு அது 2.5-க்கு மேல், அதனால்தான் எண்ணெயிலும் அது வெள்ளையாகவே நிற்கிறது.

இந்தப் பையனிடம் வெள்ளை வண்ணம் இல்லாமல் இல்லை. வானத்தில் துத்தநாக வெள்ளையைத் தாராளமாகப் போட்டிருக்கிறார். புற ஊதா வெளிச்சத்தில் அது மஞ்சள்பச்சையாகப் பளிச்சிட்டது. இருந்தும் தூசியை வண்ணமாக வரையாமல், உலர்ந்த தூளையே எடுத்திருக்கிறார். எண்ணெயில் கலந்தால் புட்டியாகிவிடும் என்று பார்த்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அதனால் உருவத்தை வரைந்து, காய்வதற்கு முன், கோலப்பொடி விடுவதுபோல விரலிடுக்கில் எடுத்துத் தூவியிருக்கிறார். அடித்துகள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டது. மேல்துகள் சும்மா உட்கார்ந்திருக்கிறது. உண்மையான தூசி ஒரு ஆள்மேல் எப்படி உட்காருமோ அப்படியே. ஈரத் துணி பட்டதும் போய்விட்டதற்கும் இதுதான் காரணம்.

சரி, அது என்ன தூள்? சந்தேகம் எல்லோருக்கும் ஒன்றுதான் வரும். ஓமலூர் ரோட்டிலோ ரயிலிலோ போகிறவர்களுக்குத் தெரியும், சேலத்துக்கு வடமேற்கே மலையடிவாரத்தில் கரடுகள் வெள்ளை வெளேரென்று வெட்டிக் கிடக்கும். வெள்ளைக்காரன் அதற்குச் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்தான். சாக் என்கிற சுண்ணாம்புக்கட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; அது மேக்னசைட், மெக்னீசியம் கார்பனேட். ஊர்க்காரர்களுக்கு வெள்ளைக்கல். கரும்பச்சைப் பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடும். சூளையில் சுட்டால் கரியமிலவாயு பிரிந்து பாதிக்கு மேல் எடை போய்விடும். சுத்தமான கல்லாக இருந்தால் 100 கிலோவுக்கு 48 கிலோ மிஞ்சும். மிஞ்சுகிற மெக்னீசியம் ஆக்சைடு 2,800 டிகிரிக்குக் கிட்டே போனால்தான் உருகும். எஃகு உலைகளின் உள்சுவருக்கு அதில் செங்கல் செய்கிறார்கள்.

வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரிடம் பஞ்சில் வந்த துகளைக் கொண்டுபோனேன். மூன்று கண்ணாடிச் சில்லு வைத்தார். ஒன்றில் சுண்ணாம்புக்கல் தூள், ஒன்றில் படக்காரர் வீட்டு வாசலில் கிடந்து எடுத்துவந்த வெள்ளைக்கல்லைப் பொடித்தது, ஒன்றில் நம் துகள். மூன்றிலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒவ்வொரு சொட்டு. சுண்ணாம்புக்கல் உடனே புஸ்ஸென்று நுரைத்தது. மற்ற இரண்டும் பேசாமல் இருந்தன. அடியில் லேசாகச் சூடு காட்டினார். இரண்டிலும் ஒரே நேரத்தில் மெல்ல மெல்லக் குமிழி வர ஆரம்பித்தது. மேக்னசைட்டின் குணம் அது, குளிர்ந்த அமிலத்துக்கு அசையாது.

கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த டோலமைட் என்கிற கல்லும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று நண்பரே எச்சரித்தார். மலிவான வண்ணங்களில் நிரப்பியாகவே மெக்னீசியம் கார்பனேட் சேர்ப்பது உண்டு. ஆனால் தொழிற்சாலை நிரப்பி மாவு மாதிரி ஒரே சன்னமாக இருக்கும். இது கூர்முனைத் துகள், கல்லைக் கல்லால் தட்டிப் பொடித்ததுபோல. எனக்கு இது போதும். குழியிலிருந்தே ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து போட்டிருக்கிறார்.

நாற்காலி வேண்டாம் என்றவர்

படக்காரருக்கு போன் போட்டு, அது பூஞ்சை இல்லை, தூசி, படத்தோட தூசி என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். துடைக்கிற வேலை துடைக்கக் கூடாத வேலையாக ஆகிவிட்டதே. "அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன் சார், அவங்களும் அந்த வேலைக்குப் போனவங்கதான்" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என் செ.மீ. தப்பியிருக்கும். நானும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு எண்பதை ஒட்டிய வயது. மகன் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். "நாற்காலி எல்லாம் வேண்டாம் சாமி, கால் மரத்துப் போயிரும்" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். படத்தை அவர் கண்மட்டத்துக்கு இறக்கிச் சுவரில் சாய்த்து வைத்தோம். ரொம்ப நேரம் பேசவில்லை.

"யாருங்க இதைப் பூஞ்சைன்னது?"

"நாங்கதாம்மா."

"கல்லு மாவுங்க இது. குளிச்சாலும் முடிக்குள்ள நிக்கும். போவட்டும்னு எண்ணெய் வெப்போம், எண்ணெயில ஒட்டிக்கிட்டு களிம்பாயிரும். அப்புறம் சீப்பு போவாது." மகனைத் திரும்பிப் பார்த்தார். "இவங்கப்பன் மேலயும் இருந்துச்சு. படத்துல, அந்த ஆளு மேல. இப்ப இல்ல."

புட்டிப் பாடத்தை எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாக நடத்தியதில்லை.

நான் என் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். கையில் சோற்றுருண்டை வைத்திருக்கிறாளே என்றதும் சிரித்துவிட்டார். "அதைத் தின்னா பல்லு போயிரும் சாமி. கல்லுங்க அது." இடது கையைக் கிண்ணம் போலக் குவித்தார், வலது கையால் அதன்மேல் தட்டிக் காட்டினார். குழியிலிருந்து வருகிற வெள்ளைக்கல்லில் பச்சையும் பழுப்புமாக வேறு பாறை ஒட்டிக்கொண்டு வரும். அதைச் சின்னச் சுத்தியலால் கொத்தி எடுத்து வெள்ளையை மட்டும் ஒதுக்க வேண்டும். பெண்களுக்கு அந்த வேலை. நாள் முழுக்க உட்கார்ந்தபடி.

தட்டிக் காட்டுவதற்காக அவர் ஒரு காலை மடித்து மற்றதை நீட்டியிருந்தார். நான் படத்தைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அதே மடிப்பு, அதே நீட்டல், முதுகு அதே அளவு முன்னால் சாய்ந்திருந்தது. டார்ச்சை எடுத்துப் பெண்ணின் மடிப்பக்க நிழலில் அடித்தேன். புடவைக் கொசுவத்தின் ஒரு மடிப்பு என்று நான் குறித்து வைத்திருந்த பழுப்புக் கோடு, சுத்தியல் காம்பு. முனையில் இரும்பின் சாம்பல் நிறம் ஒரு தீற்றல். வலது கை அதன்மேல் மூடியிருக்கிறது. இவ்வளவு நாளும் அது என் கண்முன்னாலேயே இருந்தது.

"அப்ப ரெண்டு பேரும் சாப்பிட உக்காரலையா?"

"அந்தாளு உக்காந்திருக்கான். வேட்டு வெக்கிற நேரத்துக்கு குழியில வெட்டுற ஆம்பளைங்க எல்லாம் மேல ஏறி வந்து உக்காந்துக்குவாங்க. சத்தம் அடங்குனாத்தான் எறங்கணும். எங்களுக்கு அப்பவும் கொத்துற வேலைதான்."

"புருஷன் பொண்டாட்டின்னு எழுதி வெச்சிருக்கேன்."

"ஏன், பக்கத்துல உக்காந்தா புருசனுங்களா?"

மகன் கேட்டார், "அது நீயாம்மா?" அம்மா படத்தை இன்னொரு தடவை பார்த்தார். "மாவு பூசுனாப்புறம் எவ எவன்னு தெரியும்? எல்லாரும் அப்படித்தான் இருந்தோம்."

உட்காருவது

இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. உழைப்பைக் காட்டுகிற ஓவியம் என்றதும் நம் மனத்தில் வருவது நின்றபடி செய்யும் வேலை. பிரெஞ்சு ஓவியர் குர்பே 1849-இல் வரைந்த 'கல் உடைப்பவர்கள்' படத்திலும் இரண்டே பேர்தான். கிழவர் ஒரு முட்டியை ஊன்றிச் சுத்தியலை ஓங்குகிறார், பையன் கல் கூடையைத் தூக்குகிறான், இருவர் முகமும் தெரியாது. (அந்தப் படம் 1945-இல் டிரெஸ்டன் பக்கம் குண்டுவீச்சில் போய்விட்டது, இப்போது போட்டோதான்.) மெரினாவில் 1959 முதல் நிற்கும் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையில் நான்கு பேரும் பாறையை நெம்பித் தள்ளுகிறார்கள். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து, தசை முறுக்கினால் வேலை, உட்கார்ந்தால் ஓய்வு என்று கண்ணுக்குப் பழகிவிட்டது.

சேலத்துக்காரன் நான் இதில் ஏமாந்திருக்கவே கூடாது. அம்மாபேட்டையிலும் குகையிலும் குழித்தறிக்குள் காலை இறக்கி உட்கார்ந்து நெய்தவர்கள் ஊரில் வளர்ந்தவன். வாசலில் உட்கார்ந்து தார் சுற்றுகிற பாட்டியைப் பார்த்து 'சும்மா உக்காந்திருக்காங்க' என்று யாரும் சொன்னதில்லை. சிவதாபுரம், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைக்குள் போனால், சம்மணம் போட்டு உட்கார்ந்து ஊதுகுழலை வாயில் வைத்திருப்பவர் தலைநிமிர அரை நாளாகும். இந்த ஊரில் பாதி வேலை உட்கார்ந்த வேலை. அப்படியும், ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் தூக்குப்போசி இருக்கிறது என்றதும் கையில் இருப்பது சோறு என்று எழுதிவிட்டேன்.

வரைந்தவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது. ஆணைப் பாறைமேல் உட்காரவைத்தார், பெண்ணைத் தரையில். இரண்டு உடம்பும் ஒரே சோர்வில் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அவருடைய கைகள் தொங்குகின்றன, அவளுடையவை மூடியிருக்கின்றன. இருவரும் ஒரே வெளுப்பில் இருந்தபோது இது இன்னும் பளிச்சென்று தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். தூசி இருவரையும் ஒன்றாக்கிவிட, கைகள் மட்டும்தான் வேறாகத் தெரிந்திருக்கும். ஃபிரேம் கடைக்காரர் துடைத்தது அழுக்கையும் இல்லை, வண்ணத்தையும் இல்லை, அந்தச் சமத்தை. இப்போது படம் வேறு என்னவோ சொல்கிறது, சுத்தமான ஆண், அழுக்கான பெண் என்று.

என்ன செய்தேன்

அதிகம் செய்யவில்லை. துரு ஆணிகளைப் பிடுங்கினேன். ஓரத்தில் கிழிந்திருந்த துணிக்கு உள்பக்கமாக ஒட்டுத் துணி கொடுத்துப் பழைய பலகையிலேயே திரும்பக் கட்டினேன். பலகையை மாற்றச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டேன்.

தூசியை நிலைநிறுத்த முடியுமா என்று பார்ப்பதற்காகத் தனியே ஒரு காடாத் துண்டில் அவர் செய்ததைப் போலவே செய்தேன்: எண்ணெய் வண்ணம், ஈரத்தில் வெள்ளைக்கல் தூள், மூன்று வாரம் காயவிட்டேன். அதன்மேல் மீத்தைல் செல்லுலோஸ் என்கிற பசையின் கரைசலை ரொம்ப நீர்த்ததாக எடுத்து, நெபுலைசர் வழியாகப் பனிமூட்டமாக விட்டேன். காய்ந்ததும் வெள்ளை பெரும்பாலும் திரும்பி வந்தது. ஆனால் துளி விழுந்த இடங்களில் துகள்கள் திரண்டு புள்ளி புள்ளியாக நின்றன, அம்மைத் தழும்பு மாதிரி. அசல் படத்தில் அதை முயல மனம் வரவில்லை.

மகனுக்கு வேறு யோசனை. "வெள்ளைக்கல்லு தூள் எங்க பக்கம் எவ்வளவு வேணா கிடக்குது சார். ஆம்பளை மேல கொஞ்சம் தூவிட்டா ரெண்டும் ஒண்ணாயிருமே?" நியாயமான கேள்வி. எனக்கும் ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை. அதே கல், அதே குழி, தப்பென்ன? ஆனால் காய்ந்த வண்ணத்தில் தூள் ஒட்ட வேண்டுமானால் பசை வேண்டும், பசை பட்டால் மறுபடி புட்டி. அதுபோக, சால்களின் அடியில் அவர் கையால் விழுந்த துகள் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதற்குமேல் நான் தூவினால் எது அவருடையது, எது என்னுடையது என்று நாளைக்கு எந்த உருப்பெருக்கியும் சொல்லாது. வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை. கடைசியில் அம்மாதான் முடித்துவைத்தார்: "விடுறா. அந்தாளு குளிச்சிட்டு வந்துட்டான்."

படத்துக்குக் கண்ணாடி போட்டேன். கண்ணாடி படத்தைத் தொடாமலிருக்க நடுவே ஒன்றரை செ.மீ. இடைவெளிக் கட்டை. இலேசாக இருக்கும், உடையாது என்று அக்ரிலிக் போடச் சொன்னார் கண்ணாடிக் கடைக்காரர். அக்ரிலிக்கைத் துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறும், உலர்ந்த தூளைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யாராவது அதைத் துடைக்காமல் இருக்கப் போவதில்லை, ஆகவே கண்ணாடியேதான். சட்டத்தின் கீழ் உள்விளிம்பில் ஒரு கறுப்புக் காகிதப் பட்டை ஒட்டினேன், தூள் உதிர்ந்தால் தெரியட்டும் என்று. ஆட்டோவில் போகும்போது படம் முகம் மேலே பார்க்கப் படுத்தபடி போனது. டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னதற்கு, உள்ளே என்ன முட்டையா என்று கேட்டார்.

ஒரு மழைக்காலம் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஹாலில், ஈரம் ஏறாத உள்சுவரில் மாட்டியிருந்தார்கள். கறுப்புக் காகிதத்தில் எண்ணி ஏழு துகள். அம்மா சுவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். என் டார்ச்சை வாங்கி, படத்தின் கீழ்ப்பக்கமாக அடித்து, பெண்ணின் கணுக்காலைக் காட்டினார். "பாத்தியா சாமி, இங்க மட்டும் மாவு இல்ல. கொலுசு உரசுன தடம். அந்தப் பையன் அதைக்கூடப் பாத்து வெச்சிருக்கான்."

இல்லைம்மா, அது நான் துடைத்தது என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நோட்டில் பழைய மூன்று வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதியிருப்பதில் கடைசி வரி இது: 'இடது கணுக்கால், வெளிப்பக்கம், 1 செ.மீ., தூசி இழப்பு. என் கை.'